காப்பு கட்டிய வீட்டில் லூசியானா

என் வலது கை ஆள்காட்டி விரலில் நகச்சுத்து வந்திருந்தது. விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு, இடுப்பில் பூக்கூடையோடு கரிக்கலாம்பாக்கத்துத் தெருவில் நின்றேன். கூடையில் இருந்ததெல்லாம் உதிரிப் பூ. விரல் மடங்காமல் எப்படித் தொடுப்பது? வீடுகளில் தொடுத்த பூவைத்தான் கேட்பார்கள். திரௌபதி அம்மனுக்குச் சாயங்கால மாலையும் என் பொறுப்பு. என்ன செய்வேன் தாயே என்று வேண்டிக்கொண்டே அரிசிக் கடை சிங்காரவேலு வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவள் அந்த வீட்டு மருமகள் கமலவேணி. என் விரலைப் பார்த்தாள். கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வந்தபோது பூவெல்லாம் நெருக்கமாகத் தொடுத்திருந்தது. அம்மன் மாலை தனியாக வாழை இலையில் சுற்றியிருந்தது.

"குளிச்சிட்டுத்தான் தொட்டேன் அக்கா. பயமில்லாம சாத்தச் சொல்லுங்க" என்றாள்.

விரல் ஆறும்வரை தினமும் அப்படியே நடந்தது. அவள் மாமியாருக்குத் தெரியாது, தெருவில் யாருக்கும் தெரியாது. "சின்னபொண்ணு கை பட்டா பூ இன்னா நெருக்கமா வுழுது பாரு" என்று அந்த மாமியாரே ஒருநாள் என்னை மெச்சினாள். பக்கத்தில் இருந்த கமலவேணி தலை குனிந்தபடி அரிசியில் கல் பொறுக்கினாள்.

கமலவேணி பிறந்த ஊர் நெல்லிக்குப்பம். கரும்பு ஆலைச் சங்குச் சத்தத்தில் வளர்ந்தவள். பள்ளி இறுதி வரை படித்து, ஆசிரியைப் பயிற்சிக்குப் போக இருந்தவளை 1971-இல் சிங்காரவேலுவின் ஒரே மகன் சேதுராமனுக்குக் கட்டி வைத்தார்கள். சேதுராமன் சிதம்பரத்தில் விவசாயம் படித்தவர். தாலிக்கயிற்றின் மஞ்சள் மங்குவதற்குள், கரும்பைப் பற்றி மேல்படிப்புப் படிக்க அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். லூசியானா என்று ஒரு மாநிலம். சீக்கிரம் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்றிலிருந்து கமலவேணி அந்த வீட்டில் போகப் போகிறவள் ஆனாள். அதுதான் அவளுக்கு வந்த வினை. பயிற்சிப் பள்ளியில் சேரட்டுமா என்று கேட்டாள். நடுவில் கூப்பிட்டால் என்ன செய்வது என்றார்கள். அம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்றாள். அந்த நேரம் பார்த்து அமெரிக்கா போகிற காகிதம் வந்துவிட்டால்? கொல்லையில் முருங்கைக் கிளை ஒன்றை ஊன்றினாள். "நீ காய் பறிக்கவா இருக்கப் போற?" என்று மாமியார் விசாலாட்சி சிரித்தாள். யாரும் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் எதையும் தொடங்கவும் விடவில்லை. பெட்டி ஒன்று கட்டிலுக்கு அடியில் கட்டியபடியே இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் புடவைகளை எடுத்து வெயில் காட்டி, மறுபடி மடித்து அதிலேயே வைப்பாள்.

தெருப் பெண்கள் அவளுக்கு அமெரிக்காக்காரி என்று பேர் வைத்தார்கள். "இன்னாடி அமெரிக்காக்காரி, ஏரோப்பிளேன் இன்னும் வர்லியா? பாகூர் ஏரியிலதான் எறங்குமாமே?" என்று கோயிலில் ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். நாளடைவில் அவள் கோயிலுக்கு வருவதும் குறைந்தது. கொல்லைக் கதவு வரைக்கும் வருவாள். அங்கேதான் எங்கள் பேச்செல்லாம்.

சேதுராமன் எழுதும் கடிதங்களில் சொந்தச் சேதி கொஞ்சமாகவும் அந்த ஊர்ச் சேதி நிறையவும் இருக்கும். மதராஸில் அமெரிக்காக்காரர்கள் ஆபீஸில் அந்த மாநிலத்தைப் பற்றிப் பரீட்சை மாதிரி கேள்வி கேட்டுத்தான் அனுப்புவார்கள் என்று சிங்காரவேலுவிடம் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். அது உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கமலவேணி நம்பினாள். கடிதத்தில் வந்ததை எல்லாம் மனப்பாடம் செய்தாள். நான் முழம் போடும்போது என்னிடம் ஒப்பிப்பாள்.

ஒருநாள் நான் போனபோது கிணற்றடியில் கோலமாவால் ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். பூட்ஸ் மாதிரி இருந்தது. முன்பக்கம் கிழிந்து தொங்குகிற பூட்ஸ்.

"இதான் அக்கா லூசியானா. கிழிஞ்ச மாதிரி இருக்கே, அதெல்லாம் சேத்து நெலம். வருஷா வருஷம் கடல் தின்னுக்கிட்டே வருதாம். இது மிசிசிப்பி ஆறு. மண்ண அடிச்சிக்கிட்டு வந்து கொட்டிக் கொட்டி ஆறே மேல நிக்குது, ஊரு கீழ கெடக்குது. ரெண்டு பக்கமும் கரை போட்டு வெச்சிருக்காங்க."

அதற்குள் விசாலாட்சி வந்துவிட்டாள். "இன்னாடி கோலம் இது? புள்ளியும் இல்ல, கம்பியும் இல்ல, கறையான் அரிச்ச மாதிரி?"

"கோலம் இல்ல அத்தை. உங்க புள்ள இருக்கிற ஊரு."

விசாலாட்சி எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஏ சின்னபொண்ணு, பாத்து, மிதிச்சிடாத" என்று எனக்குச் சொல்லிவிட்டு, கிணற்றைச் சுற்றிக்கொண்டு போனாள். மகன் மேல் அத்தனை பாசம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த வீட்டுக் கடையில் மூட்டை தூக்கும் மரியதாஸ் தண்ணீர் குடிக்கக் கொல்லைப் பக்கம் வருவான். அவனும் எங்கள் பேச்சில் சேர்ந்துகொள்வான். லூசியானாவும் பாண்டி மாதிரி பிரெஞ்சுக்காரன் ஆண்ட இடம் என்று கமலவேணி சொன்னதும் அவனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"லூயி ராசா பேரைத்தான் நாட்டுக்கே வெச்சாங்க. நடுவுல கொஞ்ச நாள் ஸ்பெயின்காரன் கைக்குப் போச்சு, திரும்பி வந்துச்சு. கடைசியில சண்டைச் செலவுக்காக நெப்போலியன் அதை அமெரிக்காக்காரனுக்கு வித்துட்டாரு" என்றாள் கமலவேணி.

"ஊரையா? குடியிருக்கிற சனத்தோடயா?" என்றேன்.

"சனத்தோடதான். ஒருத்தரையும் கேக்கல அக்கா. அங்க ஆதியில இருந்தே வாழ்ந்த பூர்வகுடிங்களையும் கேக்கல. கரும்புக் காட்டுல அடிமையா கெடந்த கறுப்பு சனங்கள யாரு கேப்பாங்க?"

"நம்மகிட்டயாவது இந்தியாவோட சேரலாமான்னு கீழூர்ல ஓட்டெடுத்துட்டுத்தானே பிரெஞ்சுக்காரன் போனான்" என்றான் மரியதாஸ், பெருமையாக.

"ஓட்டுப் போட்டது மெம்பருங்கடா. உன்ன எவன் கேட்டான்?" என்றேன்.

"என்ன எவனும் கேக்கலக்கா. நான் அன்னிக்கு நாத்து பறிச்சிக்கிட்டு இருந்தேன்" என்று சொல்லிச் சொம்பைக் கவிழ்த்தான். மூன்று பேரும் சிரித்தோம்.

இன்னும் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். கனடாவிலிருந்து துரத்தப்பட்ட பிரெஞ்சுக் குடியானவர்கள் அந்தச் சேற்று நிலத்துக்கு வந்து ஓடம் விட்டும் இறால் பிடித்தும் பிழைத்தார்களாம். அவர்கள் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சு பேசினால் பள்ளிக்கூடத்தில் அடிப்பார்களாம். வெண்டைக்காயில் இறாலைப் போட்டுக் குழம்பு வைத்துச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். அது நம் கடலோரப் பூரணாங்குப்பத்திலும் வைக்கிற குழம்புதானே என்றேன். குழி தோண்டினால் தண்ணீர் வந்துவிடும் என்று சில ஊர்களில் செத்தவர்களைத் தரைக்கு மேலேயே கல் பெட்டி கட்டி அதில் வைப்பார்களாம். ஜில்லாவுக்கு அங்கே பங்கு என்றுதான் பேராம், மாதா கோயில் பங்கு மாதிரி.

"அப்ப கலெக்டரு சாமியாரா?" என்று மரியதாஸ் கேட்டான்.

சாம்பல் புதனுக்கு முதல் நாள் முகமூடி போட்டுக்கொண்டு ஊர்வலம் போவார்கள், தேரில் இருக்கிறவர்கள் மணிமாலைகளை வாரி இறைப்பார்கள் என்று அவள் சொன்னபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. எந்தச் சாமியானால் என்ன, மறுநாள் விரதம் தொடங்கப் போகிறது என்ற நினைப்போடு ஆடுகிற ஆட்டம் அல்லவா.

எனக்கு அதிகம் மனதில் நின்றது வேறு. 1973-இல் அங்கே பெரிய வெள்ளம் வந்தது. அதைப் பற்றிச் சேதுராமன் நீளமாக எழுதியிருந்தார். கமலவேணி சொன்னாள்:

"அந்த ஆறு வேற பக்கம் திரும்பிப் போகப் பாக்குதாம் அக்கா. மேற்கால சரிவா, கிட்டக்கவே கடல் இருக்கு, அந்தப் பக்கம் போயிடலாம்னு பாக்குது. போனா கீழ இருக்கிற பட்டணம், துறைமுகம் எல்லாம் தண்ணியில்லாம போயிடும். அதனால கதவு போட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. வெள்ளத்துல அந்தக் கதவே ஆட்டம் கண்டுடுச்சாம்."

"ஆத்துக்கே கதவா?"

"ஆமா. இவ்ளோ தண்ணிதான் அந்தப் பக்கம் போலாம்னு கணக்கு வேற."

உள்ளேயிருந்து விசாலாட்சி கூப்பிட்டாள். கமலவேணி எழுந்து போனாள்.

மறு வருஷம் காகிதம் வந்தது. மதராஸ் ஆபீஸுக்கு நேரில் வரச் சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள். சிங்காரவேலுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மருமகளுக்குக் காகிதம் வந்தால் அம்மனுக்குக் காப்பு கட்டிக்கொள்கிறேன் என்று அவர் முன்பே வேண்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் கோயிலில் தீமிதித் திருவிழாவுக்குக் காப்பு கட்டு. அம்மனே நாள் பார்த்துக் கொடுத்தாள் என்று ஓடிப்போய் மஞ்சள் துண்டு வைத்த காப்பைக் கையில் கட்டிக்கொண்டார்.

எங்கள் ஊர்க் கட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். காப்பு கட்டியபின் தீமிதி முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை யாரும் ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது. காப்பு கட்டினவர் வீட்டுக்கு அது இன்னும் கண்டிப்பு. காகிதத்தில் இருந்தது இங்கிலீஷ் தேதி. அவர் மறுநாள் காலை பஞ்சாங்கத்தை எடுத்து ஒத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்தத் தேதி காப்புக்குள் விழுந்தது. விடிந்ததும் மதராஸ் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டுமென்றால் முதல் நாளே போய்த் தங்கியாக வேண்டும்.

நான் பூவோடு போனபோது கமலவேணி மாமனார் எதிரில் நின்றிருந்தாள்.

"மாமா, தம்பிய தொணைக்கு வரச் சொல்றேன். ஒரு ராத்திரிதான். போயிட்டு ஓடி வந்துடுறேன்."

சிங்காரவேலு தன் கையில் கட்டியிருந்த காப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நன்றி சொல்லத்தாம்மா கட்டினேன். உன்ன கட்டிப் போடவா கட்டினேன்? நீ எல்லை தாண்டித் தங்கினா, நாளைக்கி நெருப்புல எறங்கறவங்களுக்குக் கால் வெந்தா ஊரு யாரச் சொல்லும்? உன்னத்தான் சொல்லும். போற எடத்துக்கு அந்தச் சாபத்தோடவா போவ?"

அவர் அழுதுவிட்டார். கடையில் அத்தனை பேரை அதட்டுகிற மனிதர். கடைசியில், அம்மனையே கேட்டுவிடலாம் என்று முடிவானது. பூ கட்டிப் பார்ப்பது. சிவப்பு அரளி ஒரு இலையிலும் வெள்ளை நந்தியாவட்டை ஒரு இலையிலும் மடித்துக் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. பூ கட்ட வேண்டியவள் நான்.

கொல்லையில் இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். மரியதாஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். "சின்னபொண்ணுக்கா, ரெண்டுலயும் வெள்ளையே வெச்சுக் கட்டிடு. உங்க அம்மன் ஒண்ணும் சொல்லாது. கேட்டா மரியதாஸ் சொன்னான்னு என் தலையில போட்டுடு. நான் எங்க மாதாகிட்ட பேசிக்கிறேன்."

கிணற்றடியில் இருந்த கமலவேணி அவனைப் பார்த்துச் சிரித்தாள். உடனே முகம் மாறியது.

"வேணாம் மரியதாஸு. அங்க போயி அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எனக்கு இந்தப் பூதான் ஞாபகம் வரும். அக்காவும் தெனம் அந்தச் சந்நிதிக்குப் போறவங்க. அவங்கள எதுக்கு இதுல இழுக்கற?" என்றாள். என்னிடம், "இருக்கிறத இருக்கிறபடி கட்டுங்க அக்கா" என்றாள்.

கட்டினேன். எத்தனையோ வேண்டிக்கொண்டே கட்டினேன். கோயிலில் சிவப்பு வந்தது. அம்மனிடம் நான் கோபித்துக்கொண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அன்று சாயங்காலம் மாலை சாத்தும்போது முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வேறு தேதி கேட்டு எழுதினார்கள். வந்தது. அதற்குள் விசாலாட்சி கிணற்றடியில் விழுந்தாள், அவளுக்குக் கை கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தூக்கி உட்கார வைக்க, சோறு ஊட்ட, துணி மாற்ற, வீட்டில் வேறு பெண் இல்லை. "இவங்கள இப்பிடி வுட்டுட்டு எப்பிடி அக்கா போறது?" என்று அவளே கேட்டாள். நல்ல மனசுதான் அவளை அந்த முறை கட்டிப் போட்டது. அப்புறம் சேதுராமன் படிப்பை முடித்து அங்கேயே ஒரு கரும்பு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். பழைய காகிதம் செல்லாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதினார். கடிதங்கள் சுருங்கின. முதலில் ஊர்ச் சேதி நின்றது. பிறகு சொந்தச் சேதியும் நின்றது. கமலவேணி கேட்டு எழுதுவாள். 'பார்க்கலாம்' என்று பதில் வரும். அவர் அங்கே வேறு குடும்பம் வைத்திருந்தாரா, கஷ்டப்பட்டாரா, எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதக்கூடாது.

1979 ஐப்பசி மழையில் சிங்காரவேலு காலமானார். தந்தி கொடுத்தும் மகன் வரவில்லை. பங்காளி மகன் நடேசன்தான் கொள்ளி வைத்தான். கடையைப் பார்த்துக்கொள்ள அவனே மனைவி மக்களோடு அந்த வீட்டுக்குக் குடிவந்தான். விசாலாட்சியும் அப்போது கோலூன்றி நடக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள். வீட்டில் ஆள் இருந்தது. கமலவேணிக்கு அங்கே இருக்க வேண்டிய காரணம் ஒன்றும் மிச்சமில்லை, போகப் போகிறவள் என்பதைத் தவிர.

தை பிறந்தபின் ஒருநாள், கொல்லையில் வெயிலில் உட்கார்ந்திருந்த மாமியாரிடம் அவள் பேசினாள். நான் இருந்ததால்தான் பேசினாள் என்று நினைக்கிறேன்.

"அத்தை, நெல்லிக்குப்பத்துல சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துல சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லித்தர ஆள் கேக்கறாங்களாம். நான் போறேன்."

"எப்ப வருவ?"

"வர்றதுக்கு இல்ல அத்தை."

விசாலாட்சி கோலைத் தரையில் தட்டினாள். "புருஷன் உசுரோட இருக்கச்சொல்லோ பொறந்த வூட்டுக்குப் போனா வாழாவெட்டின்னு சொல்லுவாங்கடி. என் புள்ளைய இன்னா சொல்லுவாங்க? வெச்சு வாழத் தெரியாதவன்னுதானே?"

கமலவேணி அங்கிருந்து நகரவில்லை. கிழவி அவள் முகத்தைப் பார்த்தாள், பார்வையை என் பக்கம் திருப்பினாள், மறுபடி அவளையே பார்த்தாள்.

"சரி. அமெரிக்கா போயிட்டான்னு சொல்லிக்கிறேன்" என்றாள். "ஆனா ஒண்ணு. அப்புறம் நீ இந்தப் பக்கம் தலைய காட்டக் கூடாது. கல்யாணம் காட்சி, தீமிதி, என் சாவு, எதுக்கும் வரக்கூடாது. அமெரிக்காவுல இருக்கிறவ பாகூர் பஸ்ல வந்து எறங்க முடியாது."

கமலவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "சரி அத்தை" என்றாள்.

அப்படித்தான் அவளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். நல்ல நாள் பார்த்து, நெற்றியில் குங்குமம் வைத்து, ஆரத்தி சுற்றினார்கள். தெருப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். வழக்கமாகக் கேலி பேசுகிற வேலம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மனசுல வெச்சுக்காதடி. எனக்கு ஒரு நைலக்ஸ் பொடவ அனுப்புவியா?" என்றாள்.

"அனுப்பறேன்கா."

"இம்மாந்தூரம் போறவ இத்தினியூண்டு பொட்டிதானா?"

"அங்க எல்லாம் கெடைக்குதாம்" என்றாள் கமலவேணி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். காது நுனி வரை சிவந்துவிட்டது. அத்தனை பேரும் அவளை அவ்வளவு அன்பாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த அன்பும் அவளுக்கு உரியதாக இல்லை.

மரியதாஸ் வண்டி கட்டினான். வீட்டாரைத் தவிர அவனுக்கும் எனக்கும்தான் உண்மை தெரியும். பாகூர் வரைக்கும் நானும் கூடப் போனேன். வரப்புகளில் உளுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மாட்டை அதட்டுகிற மாதிரி மரியதாஸ் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தான்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். போன வருஷம் விசாலாட்சியம்மாள் காலமானபோதும் வரவில்லை. நெல்லிக்குப்பம் அரைநாள் பயணம்கூட இல்லை. ஆனாலும் பூவையும் கோயிலையும் விட்டு நானும் போகவில்லை. ஆகவே அன்று பாகூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்ததுதான் கடைசி. கடலூர் பஸ் வந்து நின்றது. பெட்டியை மரியதாஸ் மேலே ஏற்றினான். படியில் ஒரு கால் வைத்தவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கறவங்ககிட்ட எல்லாம் அத்தை நான் அமெரிக்காவுல இருக்கேன்னு சொல்லுவாங்க அக்கா. சொல்லட்டும், பாவம். அவங்க இருக்கிற வரைக்கும் நீங்களும் ஒண்ணும் பேசாதீங்க. அதுக்கப்புறம் யாராச்சும் கேட்டா நெல்லிக்குப்பம்னு சொல்லுங்க. நான் இருக்கிற எடத்த ஒருத்தராவது சரியா சொல்லணும்."